தீபாவளி சீசனும் செமஸ்டரும் ஒன்றாக வரும்போது: வடசென்னைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2022-இல் தீபாவளி அக்டோபர் 24. அதற்கு முந்தைய பதினெட்டு நாளும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் சுடிதார் பிரிவில் நின்றேன். காலை பத்து மணிக்குப் போனால் இரவு பத்தரை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. எங்கள் மாடிக்கு அது இன்னும் படியேறி வரவில்லை. நாளுக்கு 400 வீதம் கையில் வந்தது 7,200 ரூபாய். அப்பாவின் பழைய கடன் ஒன்று அதில் அடைந்தது.

நான் அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு, இரண்டாவது ஷிப்ட், அதாவது மதியத்துக்கு மேல்தான் வகுப்பு. தீபாவளி முடிந்த மூன்றாவது வாரமே செமஸ்டர். கார்ப்பரேட் அக்கவுண்டிங் பேப்பரில் 75-க்கு 21. அது போதாதென்று அட்டெண்டன்ஸ் 71 சதவீதத்துக்கு இறங்கி, அபராதம் கட்டித்தான் ஹால் டிக்கெட் வாங்கினேன்.

இத்தனைக்கும் என் வீட்டுச் சுவரில் மூன்று கலர் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய டைம்டேபிள் ஒட்டியிருந்தது. காலை 5 முதல் 6 வரை படிப்பு, 6 முதல் 10 வரை அம்மாவின் இட்லிக்கடை என்று எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அதில் இருந்தது ஒரு நாள் மட்டும்தான். ஒரு வருடம் அதில் இல்லை. நம் ஊரில் பிள்ளைகள் தடுக்கி விழுவது நாளில் அல்ல, மாதத்தில். எந்தெந்த மாதத்தில் எது எதோடு மோதும் என்று ஜூனிலேயே தெரிந்துவிட்டால், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்று, நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: வருடத்தை ஒரே தாளில் வரையுங்கள்

மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று வரி: கல்லூரியில் என்ன, வீட்டில் என்ன, கையில் பணம் எப்படி. கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். அம்மா தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லிக்கடை வைத்திருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், பங்கு வராது. கல்லூரிக் கட்டணம் எப்போது? ஜூனில். வீட்டில் பணம் அடிமட்டத்துக்குப் போகும் நேரத்தில்தான் பெரிய செலவு வருகிறது. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, சமாளித்துவிடலாம். என்னைப் போலச் சுயநிதிப் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு அது ஆயிரங்களில் இருக்கும். முதல் இரண்டு வருடமும் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. மூன்றாம் வருடம் போகவில்லை. காரணம், ஜனவரியிலிருந்தே ‘ஜூன்’ என்று எழுதிய ஒரு டப்பாவில் டியூஷன் பணத்தில் பாதியைப் போட்டுவந்தேன். பெரிய பொருளாதார மூளையெல்லாம் இல்லை. தாளில் வரைந்த பிறகு அந்தக் கட்டம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர் வீட்டில் ஒரு மாதிரி, மணலி பக்கம் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் வேறு மாதிரி. ஆனால் சில மாதங்கள் நம் எல்லோருக்கும் பொது:

ஆடி மாதம், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. தெருவுக்கு ஒரு அம்மன் கோயில், கோயிலுக்கு ஒரு மைக்செட். கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். முதல் இன்டர்னல் தேர்வும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும்.

அக்டோபர், நவம்பர். இதுதான் வருடத்தின் கழுத்து. தீபாவளி சீசன் வேலை, வடகிழக்குப் பருவமழை, செமஸ்டர் மூன்றும் இங்கே கூடுகின்றன. இந்த இரண்டு கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் கோடு போடுங்கள்.

ஏப்ரல் முடிந்து ஜூன் வரை விடுமுறை. இன்டர்ன்ஷிப், கோர்ஸ், முழுநேர வேலை எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் ஒரே நீளமான காலம். இதைத் தூங்கிக் கழித்துவிட்டு அக்டோபரில் ஓடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது.

படி 2: ஒரு வாரம் மட்டும் நேரக் கணக்கு எழுதுங்கள்

ஏழு நாள் போதும். மொத்தம் 168 மணி நேரம். பொய் சொல்லாமல் எழுத வேண்டும், அதுதான் கஷ்டம். நான் எழுதியபோது வந்தது இது: தூக்கம் 45, கல்லூரியும் போய்வரும் நேரமும் 35, வீட்டு வேலையும் கடையும் 30, மாலை டியூஷன் எடுப்பது 9, குளியல், சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது 20, போன் 14. மீதி 15.

போனைப் பற்றி அறிவுரை சொல்லப்போவதில்லை, எல்லோரும் சொல்லியாயிற்று. நான் சொல்ல வருவது அந்த 30. எங்கள் வீட்டில் அதை யாரும் வேலையாகவே எண்ணியதில்லை. அரிசி ஊறவைத்து, கிரைண்டரில் போட்டு, வழித்து, காலையில் வடகறிக்கு வெங்காயம் நறுக்கி, பார்சல் கட்டி, பாத்திரம் துலக்கி... தம்பி பிளஸ் டூ என்பதால் அவன் படிக்கிறான், நான் ‘உதவி செய்கிறேன்’. கணக்கை எழுதி அம்மாவிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“முப்பது மணி நேரமா? நானே அவ்ளோ பண்ணல போலிருக்கே.”

“நீ அறுபது பண்றம்மா. அதை நாம யாரும் எழுதல.”

அடுத்த வாரத்திலிருந்து இரவு கிரைண்டர் தம்பியின் பொறுப்பு. ஐந்து மணி நேரம் கிடைத்தது. சண்டை போட்டிருந்தால் கிடைத்திருக்காது. எண்ணாக எழுதிக் காட்டியதால் கிடைத்தது.

அப்புறம், மீதி இருக்கும் நேரம் எந்த வடிவில் இருக்கிறது என்றும் பாருங்கள். என் 15 மணி நேரத்தில் பாதி, இருபது நிமிடத் துண்டுகளாகத்தான் இருந்தது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் கடக்கும்வரை நிற்பது, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். துண்டு நேரத்தில் கணக்குப் போட முடியாது. ஆனால் பிசினஸ் லாவில் வரும் வரையறைகளையும் பிரிவுகளையும் படிக்கலாம். நான் தியரி பேப்பர்களை முழுக்க கேட்டிலும் பஸ்ஸிலும்தான் முடித்தேன். கணக்கு, புரோகிராமிங், ரெக்கார்டு நோட் மாதிரியானவற்றுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் வேண்டும். அப்படிப்பட்ட துண்டு வாரத்துக்கு மூன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எதையாவது நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் இடமே இல்லை என்பவர்களுக்கு: கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து படிக்கலாம். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் போய் மாறினால் அடுத்த நிலையமே எழும்பூர். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு இது ஒரு பெரிய வசதி.

படி 3: லீவைப் பணம் மாதிரி செலவழியுங்கள்

ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாள். 75 சதவீதம் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். ஆக உங்கள் பையில் இருப்பது 22 நாள் லீவு. சென்னைப் பல்கலைக்கழக விதிப்படி 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் பணம் கட்டித் தேர்வு எழுதலாம். அதற்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் எழுதவே முடியாது. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் விதி சற்று மாறலாம், கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

ஜூலையில் சினிமாவுக்கும் பிறந்தநாளுக்கும் பத்து நாளைக் கொடுத்துவிட்டால் நவம்பரில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது லீவு இருக்காது. என் யோசனை: பாதியை, அதாவது 11 நாளை, அக்டோபர் வரை தொடாதீர்கள். மழை, காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, எல்லாமே அதற்குப் பிறகுதான் வரும் என்று சட்டமில்லை. ஆனால் அனுபவம் அப்படித்தான் சொல்கிறது.

மதிப்பெண்ணிலும் இதே கணக்குதான். இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. எக்ஸ்டர்னலில் 30 எடுத்தே ஆக வேண்டும், கூட்டி 40 வர வேண்டும். இன்டர்னல் 25 என்பது அசைன்மென்ட், செமினார், டெஸ்ட் என்று செமஸ்டர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். தப்பு. தேர்வு அறையின் மூன்று மணி நேரத்தைவிட வீட்டில் பொறுமையாக எழுதும் அசைன்மென்ட் எவ்வளவோ லேசு. முதல் இரண்டு மாதத்தில் 20-ஐத் தாண்டிவிட்டால், நவம்பரில் மூச்சு விடலாம்.

துறைத்தலைவரிடம் முன்கூட்டியே பேசுவது இன்னொரு விஷயம். இரண்டாம் ஆண்டில் எல்லாம் முடிந்த பிறகு அழுதுகொண்டே போய் நின்றேன். “இதை செப்டம்பர்லயே சொல்லியிருந்தா டெஸ்டையாவது முன்னாடி எழுத வெச்சிருப்பேனேம்மா, இப்ப வந்து சொல்றியே” என்றார் மேடம். அடுத்த வருடம் ஆகஸ்டிலேயே போய், வீட்டு நிலைமை இது, இந்த இரண்டு வாரம் சிரமம், அதற்கு முன்பே அசைன்மென்ட்டைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். தலையாட்டினார். எல்லாத் துறைத்தலைவரும் அப்படி இருப்பார்கள் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் முன்னால் போய் நிற்பவருக்கும் பின்னால் போய் நிற்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

படி 4: வேலைக்குப் போகும் முன் மூன்று கேள்வி

முதலில் ஒன்று. வர வேண்டிய பணத்தை வாங்கிவிட்டு அப்புறம் வேலை தேடுங்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியதே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். இதோடு சாதிவாரி உதவித்தொகைகளும் உண்டு. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் மாதக்கணக்கில் பணம் நின்றுபோன தோழிகள் எனக்கு நான்கு பேர். கல்லூரியில் இதற்கென்றே ஒரு ஆசிரியர் இருப்பார், அவரைத் தேடிப் பிடியுங்கள்.

இனி அந்த மூன்று கேள்வி. தேர்வு மாதத்தில் விடுவார்களா? போக்குவரத்து போக மணிக்கு எவ்வளவு நிற்கும்? நாளை வேலை கேட்கும்போது இதைச் சொல்லிக்கொள்ள முடியுமா? மூன்றில் இரண்டுக்காவது நல்ல பதில் வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை டியூஷன்தான் முதலிடம். தெருவிலேயே எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு 300, தேர்வு வாரத்தில் அம்மாக்களிடம் சொல்லிவிட்டு நிறுத்தலாம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இன்னொன்று: சௌகார்பேட்டை, மின்ட் பக்கம் ஆடிட்டர் அலுவலகத்திலோ மொத்த வியாபாரக் கடையிலோ பில் பதிவது, டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் எண்ட்ரி போடுவது. சம்பளம் துணிக்கடையைவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் ஆறு மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பார்த்த கைக்கு நேர்காணலில் ஒரு மரியாதை உண்டு. உணவு டெலிவரியில் பையன்கள் நல்ல பணம் பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. பெட்ரோல், பைக் சர்வீஸ் இரண்டையும் கழித்த பிறகு எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இரவு ஷிப்டில் கன்டெய்னர் யார்டு வேலை வேண்டவே வேண்டாம். அதற்குப் போன என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேருமே படிப்பை விட்டுவிட்டார்கள்.

சீசன் வேலையை ஒரேயடியாகத் தள்ளவும் சொல்லமாட்டேன். மூன்றாம் வருடமும் துணிக்கடைக்குப் போனேன், வேறு கடை. சேரும் நாளிலேயே பேசிவிட்டேன்.

“அண்ணாச்சி, சனி ஞாயிறு முழுநாள் வரேன். மத்த நாள் காலைல மட்டும், ஒரு மணிக்குக் கிளம்பிடுவேன். காலேஜ் இருக்கு.”

“தீபாவளி டைம்ல இப்படிச் சொன்னா எப்படிம்மா?”

“கடைசி மூணு நாள் ராத்திரி வரைக்கும் நிக்கிறேன் அண்ணாச்சி.”

யோசித்தார், சரி என்றார். 3,900 ரூபாய்தான் கிடைத்தது. அரியர் விழவில்லை.

படி 5: எதிர்காலத்தை வருடத்துக்கு ஒன்றாக எடுங்கள்

முதல் வருடம் எதையும் முடிவு செய்ய வேண்டாம். எந்தப் பாதைக்கும் உதவும் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். என் சிபாரிசு டைப்ரைட்டிங். சிரிக்காதீர்கள். அரசுத் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரி, ஆகஸ்ட் என வருடத்துக்கு இரண்டு முறை. செமஸ்டர் மாதங்களில் வராது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, முதுநிலைக்கு 45. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்கு வழி திறக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கேட்கும்.

இரண்டாம் வருடம் ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள்: அரசுத் தேர்வு, தனியார் வேலை, மேற்படிப்பு. மூன்றிலும் கால் வைப்பவர்கள் எதிலும் நிற்பதில்லை. அரசுத் தேர்வு என்றால் குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும், டிகிரி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் 100 கேள்வி தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாவது முதல் பள்ளிப் புத்தகங்களைத் திரும்ப எடுங்கள். நான் டியூஷன் எடுத்ததே இதற்கு ஒரு ரிவிஷன் ஆனது. குரூப் 2-க்கு டிகிரி வேண்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தனியார் வேலை என்றால் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குள்ளேயே நடக்கும் பயிற்சியைச் சும்மா கையெழுத்துப் போட்டுக் கடக்காதீர்கள். ஐ.ஐ.டி.கள் ஆன்லைனில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். 4, 8, 12 வாரம் என்று இருக்கும். ஜூலையில் தொடங்கும் 8 வாரப் பாடம் செமஸ்டருக்கு முன்பே முடிந்துவிடும், 12 வாரம் எடுத்தால் சிவப்புக் கட்டத்துக்குள் போய் இடிக்கும். இதற்குத்தான் படி ஒன்றில் காலண்டர் போடச் சொன்னேன்.

மூன்றாம் வருடம் அரியரை முடிப்பதுதான் முதல் வேலை. கேம்பஸுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?’ என்றுதான் தொடங்குகின்றன. நேரடி வேலை அமையாவிட்டால் பட்டதாரிகளுக்கான தொழில் பழகுநர் பயிற்சி உண்டு. என்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கலை, அறிவியல், காமர்ஸ் பட்டதாரிகளையும் உதவித்தொகையோடு ஒரு வருடம் எடுக்கிறார்கள். தென்மண்டலத்துக்கான வாரியம் தரமணியில் இருக்கிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் இவ்வளவு தொழிற்சாலைகளின் புகையைச் சுவாசிக்கிறோம், அவற்றின் அலுவலகத்துக்குள்ளும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாமே.

படி 6: மழைக்கு முன்

இதைச் செப்டம்பரில் செய்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் மூன்று நாள் இல்லை. எனக்கு ஐந்தாவது செமஸ்டர் நடந்துகொண்டிருந்தது, தேர்வு தள்ளிப்போனதால் பிழைத்தேன். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த நோட்டுகள் ஊறிவிட்டன. கரண்ட் வந்ததும் அம்மா தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மேலே பழைய வேட்டித் துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தார். ஜெல் பேனாவில் எழுதியது கரைந்துபோனது. பால்பாயின்டில் எழுதியது நின்றது. அன்று முதல் நான் ஜெல் பேனா வாங்குவதில்லை.

பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். டிஜிலாக்கரிலும் ஏற்றிவிடுங்கள். நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து ஒரு தோழிக்கு அனுப்பிவையுங்கள். பவர்பேங்க் ஒன்று. முடிந்தால் மேட்டுப் பகுதியில் இருக்கும் ஒரு வகுப்புத் தோழியின் வீட்டில், தேர்வு வாரத்தில் தங்க வேண்டி வரலாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை மூடினால் வியாசர்பாடியிலிருந்து எந்த வழியில் சுற்றுவது என்பதையும் ஒரு தடவை நடந்தே பார்த்துவிடுங்கள்.

படி 7: ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டுமென்றால்

முதலில் விட வேண்டியது கூடுதல் கோர்ஸ். அடுத்தது வேலை நேரம். வகுப்பு கடைசியில்தான். நாம் தலைகீழாகச் செய்கிறோம், ஏனென்றால் வகுப்புக்குப் போகாவிட்டால் அன்று யாரும் கேட்பதில்லை, கடைக்குப் போகாவிட்டால் சாயங்காலமே போன் வரும்.

அரியர் விழுந்தால் அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள். மூன்றாம் வருடத்துக்குச் சேர்த்துவைக்காதீர்கள். நான் கார்ப்பரேட் அக்கவுண்டிங்கை அடுத்த ஏப்ரலில் எழுதினேன், 75-க்கு 52. அதே புத்தகம், அதே ஆள்தான். அந்த ஏப்ரலில் எம்.சி. ரோட்டில் சீசன் இல்லை, அவ்வளவுதான்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. காலண்டரைப் பார்த்தால் செமஸ்டருக்கு இன்னும் நெருக்கமாக வருகிறது. கடையில் ‘வரேன் அண்ணாச்சி’ என்று தலையாட்டும் முன், துறை அலுவலகத்தில் தேர்வுத் தேதியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.